மாதம்மாள் வண்டிக்கு மிலிட்டரி டயர்

வண்டி ரிப்பேர் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நன்றாக ஓடுகிற வண்டியை நாம் கிட்டத்தில் பார்க்கவே முடியாது, அது நம் பட்டறையைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். நம்மிடம் வந்து நிற்பதெல்லாம் இருமுகிறது, ஒழுகுகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடித்த புண்ணியவான்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

தர்மபுரியில் சேலம் ரோட்டோரம் ஓலைக்கூரை போட்ட பட்டறை என்னுடையது. கூட்டாளி காளியப்ப ஆசாரி. இரும்பு அவர் பாடு, இஞ்சின் என் பாடு. எத்தனையோ வண்டிகளின் அடியில் படுத்து எழுந்திருக்கிறேன். ஆனால் மனசு துள்ளத் துள்ள வேலை செய்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான். முன்பக்கம் கூரையில்லாத காரின் மூஞ்சி, பின்பக்கம் திறந்த மரப்பெட்டி. இப்போது பிக்கப் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது சின்ன லாரி.

அது பாப்பிரெட்டிப்பட்டி மாதம்மாளுடையது. புளி வியாபாரம் செய்தவர். சித்தேரி மலைக்காரர்கள் அடிவாரத்துக்குச் சுமந்து வந்து வைக்கும் புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் வாங்கி, பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலேற்றுவார். வண்டியை ஓட்டியவர் அவருடைய வீட்டுக்காரர் பொன்னுசாமி. பிரேக், கிளட்ச், ஸ்டியரிங் மூன்றும் அவர் வசம். எங்கே திரும்ப வேண்டும், எப்போது மெதுவாகப் போக வேண்டும், எந்தப் பள்ளத்தில் எந்தச் சக்கரம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாதம்மாள் வசம்.

வைக்கோல் டயர்

சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து நின்றது. பர்மிட் இருந்தால்தான் டயர். பர்மிட் கைக்கு வருவதற்குள் வண்டி துருப்பிடித்துவிடும். டயருக்குள் டயர்த் துண்டை வைத்து ஆணி போட்டு முடுக்கினோம். ஒட்டுக்கு மேல் ஒட்டாக ட்யூபை ஒட்டினோம். கடைசியில் மாதம்மாள் வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒட்டுப் போடவே இடமில்லாமல் போயிற்று. வைக்கோலைப் புரியாகத் திரித்து, தண்ணீர் தெளித்து, கடப்பாரையால் குத்திக் குத்தி டயருக்குள் அடைத்தேன். மாட்டு வண்டி வேகத்தில் போனால் ஊர் போய்ச் சேரும் என்று சொல்லி அனுப்பினேன்.

போயும் சேர்ந்தது. சந்தை நாளன்று பொன்னுசாமி வண்டியைச் சந்தை ஓரமாக நிறுத்திவிட்டு, சீட்டிலேயே சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறார். டயரின் கிழிசலில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் நுனியை விற்பனைக்கு வந்த காளை ஒன்று கவ்வி இழுத்திருக்கிறது. இழுக்க இழுக்கப் புரி வந்துகொண்டே இருக்க, அதுவும் சுவாரஸ்யமாகத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. பொன்னுசாமி கண் விழித்து வண்டியைக் கிளப்பியபோது பின்சக்கரத்தில் வெறும் தோல்தான் மிச்சம். மறுநாள் அந்தத் தோலைத் தோளில் மாட்டிக்கொண்டு மாதம்மாள் பட்டறைக்குள் நுழைந்தார். திட்டப்போகிறார் என்று நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவர் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“மேஸ்திரி, இந்த வாட்டி வைக்கோலோட வேப்பந்தழையும் சேத்து அடைங்க. கசந்தா எந்த மாடும் கிட்ட வராதுங்க.”

உருண்டு வந்த சாமான்

சண்டை முடிந்தது. பட்டாளத்தார் கழித்துவிட்ட சாமான்கள் ஊர் ஊராக ஏலத்துக்கு வந்தன. அதற்கு முந்தின கோடையில்தான் மாதம்மாள் வண்டி மலையடிவாரத்துப் பாறைப்படி ஒன்றில் உட்கார்ந்து, இஞ்சின் எண்ணெய்த் தொட்டி கிழிந்து, ஏற்றிய புளியெல்லாம் வழியிலேயே மழையில் கரைந்து போயிருந்தது. அந்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை. சேலத்தில் மிலிட்டரி டயர் ஏலம் என்று காதில் விழுந்ததும் புருஷனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் சேலத்திலிருந்து வந்த வெல்ல லாரி எங்கள் பட்டறை முன்னால் நின்றது. மேலிருந்து ஒவ்வொன்றாக டயரை இறக்கினார்கள். இறக்கினார்கள் என்றா சொன்னேன்? கடைசி டயர் கை நழுவி ரோட்டில் விழுந்தது, ஒரு துள்ளுத் துள்ளியது, சரிவில் உருள ஆரம்பித்துவிட்டது. நானும் ஆசாரியும் பின்னால் ஓடினோம். எதிரே வந்த ஜட்கா குதிரை முன்காலைத் தூக்கியது. மண்சட்டி விற்பவர் தன் கூடையை அணைத்துக்கொண்டு சாக்கடைக்குள் குதித்தார். டயர் அவரையும் தாண்டி, சத்திரத்துச் சுவரில் முட்டி, இன்னொரு தடவை துள்ளி, சுற்றிச் சுற்றிப் படுத்தது. அதன்மேல் ஒரு கீறல் இல்லை. சுவரில்தான் காரை பெயர்ந்திருந்தது.

சண்டை ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் புது டயரைக் கண்ணால் பார்த்ததில்லை. புது ரப்பர் வாசனை பட்டறை முழுக்க நிறைந்தது. ஆசாரி குனிந்து மோந்து பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடியும் மோந்தார். உள்ளங்கை அகலத்துக்கு மேடும் பள்ளமுமாக, உழுத சால் போல வெட்டு. பழைய சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அரைச்சாண் உயரம் கூடுதல், அகலமோ ஒன்றரை மடங்கு. வண்டியின் மட்கார்டுக்குள் அது நுழையாது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆசாரி வண்டியையும் பார்த்தார், டயரையும் பார்த்தார்.

“மேஸ்திரி, வண்டிக்கு டயர் மாட்டறதா, டயருக்கு வண்டி மாட்டறதா? மொதல்ல அதச் சொல்லிப்போடுங்க.”

நாலு விரல்

பெரிய டயர் உள்ளே போக வேண்டுமென்றால் வண்டியின் உடம்பு மேலே எழும்ப வேண்டும். உடம்பைத் தாங்குவது கமான் பட்டைகள். அச்சுக்கு மேல் அடுக்கடுக்காக வில் போல வளைந்து கிடக்குமே, அவைதான். ஆற்றில் கவிழ்ந்த பழைய பஸ் ஒன்றின் கமானை ஆசாரி வாங்கி வைத்திருந்தார். அதிலிருந்து நல்ல பட்டைகளாகப் பொறுக்கினார். சிவக்கக் காய்ச்சி, அடித்து, வளைவைக் கூட்டி, எண்ணெயில் முக்கிப் பதம் ஏற்றினார். சுர்ரென்று புகை கிளம்பும்போதெல்லாம் வாசலில் கூடியிருந்த ஜனம் ‘ஹோ’ என்றது. கமானுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்க இரும்புக் கட்டைகள் அடித்தோம். அதற்குத் தக்கபடி யூ போல்ட்டுகளை நீளமாகச் செய்தோம். டயரோடு வந்த மிலிட்டரிச் சக்கரத்தின் துளைகள் இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. அவற்றை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போட்டோம்.

எல்லாம் முடுக்கி, ஜாக்கியை இறக்கினேன். வண்டி உட்காரவில்லை. நின்றது! சண்டைக்குக் கிளம்பும் கிடாய் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மாதம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். கையை நுழைத்துப் பார்த்தார். கமானில் எவ்வளவு தூக்கினோம் என்று கேட்டார். நாலு விரல் என்றேன். இன்னும் ஒரு நாலு விரல் தூக்கலாமே என்றார். “அம்மா, அதுக்கு மேல தூக்கினா திருப்பத்துல வண்டி கவுந்துடும்” என்றேன். “கவுறாதுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் அவர். அதுவரை டயரைத் தடவிக்கொண்டே நின்றிருந்த பொன்னுசாமி என் காதோரம் வந்தார்.

“நாலு விரலே போதுங்க மேஸ்திரி. மிச்ச ஒசரத்துக்குத்தான் அவ இருக்காளே, எப்பவும் எனக்கு நாலு விரல் மேல.”

முள் சொன்ன வேகம்

முதல் ஓட்டம் அதியமான்கோட்டை வரைக்கும் என்று முடிவு. முன்னால் அவர்கள் இருவரும். பின்பெட்டியில் சுத்தியலோடு ஆசாரி, ஸ்பானர் பையோடு நான். நீங்களும் பழைய வண்டியில் புதுச் சாமான் போட்டுப் பார்த்தவர்கள்தானே? அந்த முதல் ஓட்டத்தில் காது எப்படி விரியும், ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் திருப்பத்தில் முன்டயர் மட்கார்டில் உரசி ‘கர்ர்’ என்றது. ஆசாரி குதித்து இறங்கி, மட்கார்டின் ஓரத்தை அடித்து மடக்கிவிட்டு ஏறினார். அடுத்த திருப்பத்தில் மற்ற பக்கம் ‘கர்ர்’ என்றது. மறுபடி குதித்தார். அதியமான்கோட்டை டீக்கடை முன்னால் நிறுத்தியபோது பின்சக்கரம் புகைந்தது. உடம்பு உயர்ந்ததில் பிரேக் கம்பி விறைத்து, யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். சூட்டில் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்துவிடும் என்று நான் குடத்தை மறித்து நிற்க, அவர் என்னைத் தள்ளிவிட்டு ஊற்றப் பார்க்க, கடைசியில் தண்ணீர் முழுக்க என் தலையில் கொட்டியது. சொட்டச் சொட்ட அடியில் புகுந்து கம்பியின் மரையைத் தளர்த்தினேன். சக்கரம் விரலால் தள்ளினாலே சுற்றியது.

திரும்பும்போது பார்க்க வேண்டுமே! வேலிக்கு மேலாக வயல் தெரிந்தது. குழிகளை வண்டி விழுங்கிக்கொண்டு போனது. முன்னால் போன சேலம் பஸ்ஸை ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டு வந்தோம். சற்று நேரத்தில் அந்த பஸ் எங்கள் பட்டறை முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, இப்படியா ஓட்டுவது என்று சத்தம் போட்டார். இருபத்தைந்து மைலுக்கு மேல் போகவில்லை, வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்று பொன்னுசாமி சத்தியம் செய்தார். அவர் சொன்னதும் உண்மை. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் ஓடும். பழைய கணக்கில் ஓடுகிற முள்ளுக்கு அது தெரியாது. நான் இதை நிதானமாக விளக்கினேன். பஸ் டிரைவர் கடைசி வரை கேட்டார்.

“அப்படீன்னா முள்ளையே ஓட்டச் சொல்லுங்க. இவரு காலை எடுத்துட்டு வூட்டுக்குப் போவட்டும்.”

இரண்டு மலை

மாசித் திருவிழாவுக்குத் தீர்த்தமலை போக வேண்டும் என்று மாதம்மாள் வீட்டுச் சொந்தக்காரர்கள் வண்டியில் ஏறினார்கள். வண்டி பழகுகிற வரைக்கும் மெக்கானிக் கூடவே வர வேண்டும் என்பது மாதம்மாளின் கட்டளை. அதனால் நானும் போனேன். கூட வந்தவர்களில் அவருடைய தாய்மாமன் ஒருவர், ஊர் மணியக்காரர், நல்ல கனமான சரீரம். பழைய உயரத்திலேயே அவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இப்போது காலைத் தூக்கினால் படி எட்டவில்லை. வீட்டிலிருந்த உரலை உருட்டி வந்து கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அவரை நிறுத்தி, நான் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து ஏற்றினேன். ஏற்றிய சந்தோஷத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். வண்டியும் கிளம்பிவிட்டது.

தீர்த்தமலை அடிவாரத்தில் இறங்கும்போதுதான் உரல் ஊரிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. சுற்றிலும் தேடினோம். கல் கிடைத்தால் ஆடியது, பெட்டி கிடைத்தால் நசுங்கும்போல இருந்தது. மாமா ஒரு காலை வெளியே விட்டுப் பார்த்தார், காற்றில் துழாவினார், மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு சீட்டில் சௌகரியமாகச் சாய்ந்து, துண்டை இடுப்பில் கட்டி, உச்சியைப் பார்த்துக் கை கூப்பினார்.

“நீங்க போயி வாங்க மாப்பிள்ளை, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். ஒரே நாளுல ரெண்டு மலை எறங்கி ஏற என்னால ஆவாதுங்க.”

பாறைப்படி

சித்திரை பிறந்தது. இத்தனை வேலையும் எதற்காகச் செய்தோமோ அந்த நாள் வந்தது. அடிவாரத்துப் புளியந்தோப்பில் மலைக்காரர்கள் தங்கள் வருஷத்துப் புளி முழுவதையும் கொண்டுவந்து குவித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அங்கே கூரை கிடையாது. கோடை மழை ஒன்று அடித்தால் அத்தனையும் போச்சு. மாட்டு வண்டி கட்டிவந்து புளி வாங்குகிற வியாபாரி ஒருவர் அவர்களிடம் போய், “அந்தம்மா வண்டி போன வருஷமே வயிறு கிழிஞ்சு கெடந்துச்சு, இந்த வருஷம் எங்கே வரப்போவுது” என்று சொல்லிச் சொல்லி, அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம்மாள் வருவதாகச் சொன்ன நாளன்று பொழுது சாய்வதற்குள் வராவிட்டால் புளி அந்த வியாபாரிக்கு என்று பேச்சு.

உப்பு, மண்ணெண்ணெய், துணி ஏற்றிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டோம். காட்டுப் பாதை ஒரு மணல் ஓடையில் இறங்கியது. பழைய டயர் என்றால் அந்த மணலில் அச்சு வரைக்கும் புதையும். பனைமட்டை வெட்டிப் போட்டுப் போட்டுத்தான் போக வேண்டும். அகலமான டயர் மணல்மேல் மெத்தையில் நடப்பதுபோல் நடந்தது. நான் பின்பெட்டியில் நின்று கத்தியே விட்டேன். ஓடைக்கு அந்தக் கரையில்தான் அந்தப் பாறைப்படி. முழங்கால் உயரம். போன வருஷத்து எண்ணெய்க் கறை இன்னும் அதன்மேல் கறுப்பாகத் தெரிந்தது.

நான் இறங்கி, படியின் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகப் படுத்து, அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு, “வாங்க... வாங்க... இன்னும் வாங்க” என்றேன். முன்சக்கரம் பாறையைக் கவ்வியது. வெட்டு வெட்டாக அந்த ரப்பர் கல்லைப் பிடித்து ஏறியதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்ணெய்த் தொட்டி பாறைக்கு மேல் வந்தது. இரண்டு விரல் சந்து. உரசவில்லை! பின்சக்கரமும் ஏறியது. வண்டி மேலே நின்று உறுமியது. சத்தம் கேட்டுத் தோப்பிலிருந்து மலைக்காரர்களும், அவர்கள் பின்னாலேயே அந்த மாட்டு வண்டி வியாபாரியும் ஓடிவந்தார்கள். மலைக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த வெள்ளையன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து அடியில் பார்த்து, நிமிர்ந்து மாட்டு வண்டி வியாபாரியிடம் சொன்னார்.

“இதுக்கடியில வெள்ளாடு பூந்து அந்தாண்ட போவுமுங்க. பாறை என்னாத்த கிழிக்கும்?”

மழை வருமுன்

ஏற்றினோம், ஏற்றினோம், பெட்டி தளும்பும் வரை ஏற்றினோம். வெள்ளையனும் அவருடைய ஆட்கள் சிலரும் மூட்டைகளின் மேலேயே ஏறிக்கொண்டார்கள். மத்தியானத்துக்கு மேல் சித்தேரிப் பக்கம் வானம் கறுத்தது. மலைமேல் இடி உருண்டது. உச்சியில் மழை பிடித்துவிட்டது, ஓடைக்குத் தண்ணீர் வரும், சீக்கிரம் என்று வெள்ளையன் அவசரப்படுத்தினார்.

பாறைப்படிக்கு வந்ததும் இறங்கி, குனிந்து அடியில் பார்த்தேன். பாரம் ஏறியதில் கமான் படிந்துவிட்டது. நாலு விரலும் புளிக்கடியில் போய்விட்டது. இப்படியே இறங்கினால் முன்சக்கரம் தொப்பென்று விழும், எண்ணெய்த் தொட்டி பாறை விளிம்பில் உட்காரும், போன வருஷத்துக் கதைதான். படிக்குக் கீழே எதையாவது போட்டுச் சாய்வாக்க வேண்டும். கல்லைப் போட்டோம், உருண்டது. மணலைக் கொட்டினோம், அதற்குள் ஓடையில் கணுக்கால் தண்ணீர் வந்து கரைத்தது. இறக்கிச் சுமக்கலாமென்றால் நேரமில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மாதம்மாள் வண்டியிலிருந்து குதித்தார்.

“மூட்டையவே போடுங்க” என்றார். “கொட்டை எடுத்த புளி, களிமண்ணாட்டம் கெட்டியா இருக்குது. நகராது.”

“நசுங்கிடுமேம்மா.”

“நசுங்கினா நசுங்கட்டும். ரெண்டு மூட்டைக்காவ வண்டி நிறையப் புளியத் தண்ணியில வுடறதா?”

ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேராக ஒரு மூட்டை. பொன்னுசாமி அங்குலம் அங்குலமாக விட்டார். டயர் புளிமேல் உட்கார்ந்தது. அமுங்கியது, ஆனால் நழுவவில்லை. நான் பாறை இடுக்கில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டை போகிற சந்து. பின்சக்கரமும் இறங்கியது. ஆட்கள் மூட்டைகளைப் பிடுங்கி மேலே எறிந்தார்கள். தண்ணீர் அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. இஞ்சின் விசிறி தண்ணீரை வாரி அடித்தால் பொறி அணைந்துவிடும் என்று நான் விசிறி பெல்ட்டைக் கழற்றி எறிந்தேன். மாதம்மாள் சும்மாட்டுத் துணியை உருவிக் கொடுத்தார். அதில் கிரீஸை அப்பி, இஞ்சினுக்குப் பொறி தரும் மின்சார மூடியைச் சுற்றிக் கட்டினேன். “நிறுத்தாதீங்க! என்ன ஆனாலும் காலை எடுக்காதீங்க!” என்று பொன்னுசாமியிடம் கத்திவிட்டுத் தொற்றிக்கொண்டேன்.

புகைக்குழாய் தண்ணீருக்குள் குபுகுபுவென்று கொப்பளித்தது. சக்கரத்துக்கடியில் மணல் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு பக்கமாக நழுவியது, மூட்டைமேல் இருந்தவர்கள் மற்ற பக்கம் சாய்ந்தார்கள், டயர் ஏதோ கெட்டியைப் பிடித்தது, ஏறியது, ஏறியது, கரைக்கு வந்துவிட்டோம்! திரும்பிப் பார்த்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் குப்பையும் கிளையுமாகப் புரண்டு வந்து, நாங்கள் கடந்த இடத்தை மூடிக்கொண்டு போனது. வெள்ளையனும் ஆட்களும் கூவிய கூவலில் இடிச்சத்தம் கேட்கவில்லை. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை. பொன்னுசாமி வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பக்கத்தில் மாதம்மாள் சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பொன்னுசாமி மனைவியைக் கவலையோடு பார்த்தார்.

“ஏ புள்ள, ஓடையில எறங்குனதுல இருந்து ஒரு வார்த்தைகூட நீ சொல்லல. உனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

டயர் மார்க்கு

மறுநாள் பொம்மிடியில் புளியை எடை போடும்போது, கொள்முதல் செய்ய வந்த மெட்ராஸ் வியாபாரி ஒரு மூட்டை பலகை போலத் தட்டையாக இருப்பதைக் கண்டு பிரிக்கச் சொன்னார். உள்ளே புளி, சாக்கின் இழை தெரிய, மேடும் பள்ளமுமாக, வரிசை வரிசையாக அச்சு விழுந்து ஒரே கட்டியாக இருந்தது. மிலிட்டரி டயரின் வெட்டு, ஒரு கோடு பிசகாமல். நான் மெல்ல ரயிலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வியாபாரி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தார். சப்புக்கொட்டினார். இன்னொரு துண்டும் போட்டுக்கொண்டார். புளி நன்றாக இருக்கிறது, இப்படி அச்சுப் போட்டு நான் பார்த்ததே இல்லையே, இது எந்த ஊர் மார்க்கு என்று கேட்டார். பொன்னுசாமி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். மாதம்மாள் முந்திக்கொண்டார். அவருடைய பேச்சு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

“சித்தேரி மார்க்குங்க. நல்லா பாத்துக்குங்க, இந்த வருசம் ரெண்டே மூட்டைதான்.”

எல்லோருக்கும் உயரம்

அதற்கப்புறம் எங்கள் பட்டறை பட்டபாட்டைக் கேட்காதீர்கள். ஓடை கடந்த கதை ஊருக்கு ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. அரூர் வரை போவதற்குள் தண்ணீர் வண்டியின் கூரைக்கு வந்துவிட்டது. அந்த வண்டிக்குக் கூரையே கிடையாது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. தார் ரோட்டை விட்டு இறங்காத வக்கீல் ஒருவர் தன் காரைத் தூக்கச் சொன்னார். கல்யாண மாப்பிள்ளை ஒருவர், ஊர்வலத்தன்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு நாளைக்கு மட்டும் தூக்கித் தர முடியுமா என்று கேட்டார். ஆசாரியின் உலை அணையவே இல்லை. எனக்கும் சலிக்கவில்லை. ஜாக்கியை இறக்கும்போது வண்டி கீழே போகாமல் நிற்கிறதே, அந்த ஒரு நொடிக்காக எத்தனை வண்டி வேண்டுமானாலும் தூக்கலாம்.

ஒருநாள் அந்த மாட்டு வண்டி வியாபாரியே வந்து நின்றார். முதலில் எங்கோ போகிறவர் மாதிரி நின்றார். பிறகு டயரைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், தன் மாட்டு வண்டிகளுக்கும் இந்த மிலிட்டரிச் சக்கரத்தைப் போட்டு நாலு விரல் தூக்கித் தர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆசாரி உலைத் துருத்தியை நிறுத்திவிட்டு வெளியே வந்து, வண்டியையும், நுகத்தடியையும், அசைபோட்டுக்கொண்டு நின்ற இரண்டு காளைகளையும் மேலிருந்து கீழ்வரை அளவெடுத்தார்.

“வண்டியத் தூக்கிப்போடலாமுங்க. அப்புறம் மாட்டையும் நாலு விரல் தூக்கோணுமே, அதுக்கு எங்கிட்டக் கமான் இல்லீங்களே.”

வண்டிகளை உயர்த்தியதில் யார் யாருக்கு என்னென்ன லாபம் வந்ததோ தெரியாது, அடியில் படுத்தே காலம் கழித்த எனக்குப் புரண்டு படுக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது.